நீரில் நிற்கும் கோபுரம்

கி.பி. 47ஆம் ஆண்டளவில் உரோமானியர் அமைத்து முடித்த கிளாடியா அகுஸ்தா பெருவழியை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் மிதிவண்டிப் பயணி மெல்ல ஏறுகிறான். ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ரெஷன் கணவாயை அடைந்ததும் ஓர் ஏரி. கரையருகே, நீரினின்று எழுந்து நிற்கிறது 14ஆம் நூற்றாண்டு மணிக்கோபுரம் ஒன்று! 1950இல் மின்னாற்றலுக்காக நீரைத் தேக்கியபோது, கிரவுன் என்னும் சிற்றூர் மூழ்கியது. வீடிழந்தோருள் சிலர் கரைமேல் புதிய ஊர் அமைத்தனர்; பலர் பிரிந்து சென்றனர்.

உந்துவண்டியில் விரைவோர்க்கு அக்கோபுரம் ஒரு காட்சி. வியர்வை சிந்தி ஏறியவனுக்கோ அது ஒரு சான்று. அப்பால் அடிஜெ ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆப்பிள் தோட்டங்களினூடே வண்டி தானே உருள்கிறது. இறக்கத்தில் கால்கள் ஓய்கின்றன, நெஞ்சம் ஓய்வதில்லை.