மும்பையில் உண்டதும் உவந்ததும்

பம்பாய் என்று நம் பெரியவர்கள் அழைத்ததும், 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என்று வழங்குவதுமான மாநகரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே நம்மவர் கட்டிய கோயில்களைப் பற்றியும், நிறுவிய பள்ளிகளைப் பற்றியும், வளர்த்த சங்கீத சபைகளைப் பற்றியும் பலர் எழுதியிருக்கின்றனர். நம்மவர் அங்கே என்ன உண்டனர், யார் கையால் உண்டனர் என்பதை எழுதியவர்கள் குறைவு.

எங்கள் பூர்விகம் நாஞ்சில் நாடு. குடியிருப்பது முலுண்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலேறி ஏதேனும் ஒரு நிலையத்தில் இறங்கி, அந்தப் பகுதிக்காரர்கள் உண்ணும் கடையில் நாமும் ஒரு வேளை உண்டு திரும்புவது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வாறு கண்டவற்றையும், அவற்றுள் சில எங்கள் அடுப்பங்கரைக்குள் வந்து சேர்ந்த விதத்தையும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மும்பையில் உண்ணப் புறப்படும் தமிழர் முதலில் மாட்டுங்காவில்தான் இறங்குவர். அந்தப் பகுதி உண்டானதற்குக் காரணம் ஒரு கொள்ளைநோய். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் பரவிற்று. நெருக்கமான பழைய நகரத்தை விட்டு மக்களை வெளியே குடியமர்த்தும் பொருட்டு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஏற்படுத்தப்பட்டது. தாதரிலும் மாட்டுங்காவிலும் அந்த டிரஸ்டு வகுத்த அகன்ற வீதிகளில், பின்னாளில் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தாக்களாகவும் தட்டெழுத்தாளர்களாகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியர் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. குடும்பங்கள் வேரூன்றத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆயினும் வந்தவர்களில் பலர் மணமாகாத இளைஞர்கள். அல்லது மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். ஓர் அறையில் நால்வர் படுத்து எழுந்தனர். அறையில் அடுப்பு இல்லை. அவர்களுக்குச் சோறிட்டவை போர்டிங் ஹவுஸ்கள். மாட்டுங்கா மத்திய ரயில் நிலையத்தின் அருகே, சந்தைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங் 1942-இல் தொடங்கியது. இன்றும் அங்கே வாழையிலை போட்டுப் பரிமாறுகின்றனர். கூட்டும் கறியும் சாம்பாரும் ரசமும் அன்றாடச் சாப்பாடுதான். விருந்துச் சமையலின் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. அங்கே உண்டால் வயிறு கனக்காது. நாள்தோறும் உண்ண வேண்டியவர்களுக்காகச் சமைத்த கைப்பக்குவம் அது.

இங்கே நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாட்டுங்காவின் புகழ்பெற்ற சிற்றுண்டிச் சாலைகளில் பலவற்றை நடத்துவோர் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்தவர். துளுவும் கொங்கணியும் கன்னடமும் அவர்கள் வீட்டில் பேசும் மொழிகள். 1940-இல் தொடங்கிய 'கஃபே மெட்ராஸ்' பெயரளவில் நம்முடையது. நடத்துவோர் அந்தக் கடற்கரையைச் சேர்ந்த குடும்பத்தார். அங்கே ரசத்தில் ஊறிய வடையை உண்டு, நம் ஊர்ச் சுவை என்று நாம் மகிழ்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்களின் பசியைத் தீர்த்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழரல்லர். வெளியூரில் நம் நாக்கைக் காத்தவர்கள் யார் என்று குழந்தைகள் கேட்டால், இந்த விடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவிற்கு வெகு அருகில் இருப்பது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக நம் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு வந்து குடியேறினர். இன்று அதன் சிறு வீடுகளில் விடியுமுன் இட்லி வேகிறது. பெரிய பாத்திரங்களில் இட்லியையும் சட்னியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அழுத்தி ஒலியெழுப்பியபடி, தமிழர் தெருத் தெருவாகச் செல்கின்றனர். அந்த இட்லியை வாங்கி உண்போரில் மராட்டியரும் குஜராத்தியரும் உண்டு. மாட்டுங்கா இலைச் சாப்பாட்டை எழுதுகின்ற கை, தாராவியின் சைக்கிள் இட்லியை எழுதாமல் விடுவது நியாயமாகாது. அதிகாலை வேலைக்குச் செல்லும் ஏழைக்கு அதுதான் காலை ஆகாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாதரில் இறங்கினோம். உருளைக்கிழங்கு போண்டாவைப் பாவ் ரொட்டிக்குள் வைத்துப் பூண்டுப் பொடி தூவித் தரும் வடா பாவ், 1966-இல் இந்த நிலையத்தின் வெளியேதான் முதன்முதலில் விற்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்வர். நின்றபடியே உண்டோம். பின்னர், மராட்டியர் சிற்றுண்டிக்குப் பேர்போன 'பிரகாஷ்' என்னும் கடையில் சாபுதானா வடை வாங்கினோம். ஊறவைத்த ஜவ்வரிசியுடன் வெந்த உருளைக்கிழங்கையும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையையும் பச்சை மிளகாயையும் பிசைந்து பொரித்தெடுப்பது அது. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக இருக்கிறது. தொட்டுக்கொள்ளத் தயிர்ச் சட்னி.

இந்த வடையை மராட்டியர் ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் உபவாச ஆகாரமாக உண்கின்றனர். அதற்கு வேண்டிய ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? நம் சேலம் வட்டாரத்திலிருந்துதான்! 1940-களில், உலகப்போரினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோன காலத்தில், மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் வேரூன்றியது. 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் அமைந்தது. சேலத்துச் சரக்கின் பெருவாங்குநர்களுள் மகாராஷ்டிரம் ஒன்று. நாம் வடாம் பிழிவதற்கும் பாயசத்திற்கும் மட்டும் பயன்படுத்தும் பொருள், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு மக்களின் விரத நாளைத் தாங்கி நிற்கிறது. இதைக் கேட்டதும் எங்கள் மகள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினாள்.

மீன் உண்பவர்கள் கிர்காவ், தாதர்ப் பகுதிகளிலுள்ள கானாவள்களுக்குப் போக வேண்டும். கானாவள் என்பது சாப்பாட்டு விடுதி. வீட்டுச் சமையல் போன்ற உணவைச் சில மேசைகளில் பரிமாறும் எளிய இடம். முதலில் மொழி தடுமாற்றம் தரும். நம் வஞ்சிரம் அங்கே சுர்மை, வவ்வால் மீன் பாப்லெட், கானாங்கெளுத்தி பாங்டா. பெயர் விளங்கிவிட்டால் கடல் ஒன்றே என்பது விளங்கிவிடும். தேங்காயையும் வெங்காயத்தையும் சிவக்க வறுத்து அரைத்த விழுதை 'வாட்டண்' என்கின்றனர். குழம்பு அதில்தான் நிற்கிறது. சாப்பாட்டின் இறுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில் சோல்கடி வரும்: கோகம் என்னும் புளிப்புப் பழத்தோலை ஊறவைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்தது. நம் மோரின் வேலையை அங்கே அது செய்கிறது.

தோபி தலாவில் 1904 முதல் நடக்கும் 'கயானி' போன்ற இரானிக் கடைகளையும் பார்க்காமல் வரக்கூடாது. பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய கடைகள் இவை. வெண்ணெய் தடவிய பன்னைச் சூடான தேநீரில் தோய்த்து உண்பதே அங்கே முறை. நாமும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணம் அந்த மேசையில் அமரும்போது தானாகவே எழுகிறது. இத்தகைய கடைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

இனி வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ரத்தினகிரியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். குழந்தைகளுக்கு அவர் ஆஜி, அதாவது பாட்டி. எங்கள் அம்மா அவரைத் 'தாயி' என்று அழைப்பார். மராட்டியில் அச்சொல்லுக்கு அக்கா என்று பொருள். அம்மாவுக்கு மராட்டி அரைகுறை. ஆஜிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் இடையே பேச்சைவிடக் கிண்ணங்களே மிகுதியாகச் சென்று வந்தன. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது இரு வீட்டிலும் வழக்கமில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. மின்சார ரயில் நின்றது. மாட்டுங்காக் கடைகளுக்குப் போக வழியில்லை. எங்கள் தெருவில் இட்லிக்காரரின் ஹாரன் ஒலி அடங்கிப்போயிற்று. மூன்றாவது வாரத்தில் வீட்டில் புளி தீர்ந்தது. ஆஜி ஒரு பிடி காய்ந்த கோகத்தைக் கொடுத்தார். "புளியில்லாம ரசமா?" என்று அம்மா தயங்கினார். வேறு வழியின்றி வைத்தார். புளிப்பு மட்டாக, நிறம் சற்றே சிவந்து, ரசம் நன்றாகவே அமைந்தது. ஒரு வாய் உண்டதும், "இது நம்ம குடம்புளிக்குத் தங்கச்சியில்லா!" என்றார். அம்மா சொன்னது தாவர நூலுக்கும் பொருந்தும். நாஞ்சில் நாட்டு மீன் குழம்பில் இடும் குடம்புளியும் கொங்கணத்துக் கோகமும் கார்சீனியா என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அந்த மாதங்களில் காலையில் ஒரு கிண்ணம் போயிற்று. மாலையில் ஒரு கிண்ணம் வந்தது. கதவு திறந்து கிண்ணம் கைமாறினால், ஆஜி நலமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். அவர் கொடுத்த ஆம்ட்டி, துவரம்பருப்பில் வெல்லமும் கோகமும் சேர்ந்த குழம்பு. சாம்பாரின் நெருங்கிய உறவு. தஞ்சை மராட்டியர் அரண்மனையில்தான் சாம்பார் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அது கதையாகவே இருக்கட்டும். மராட்டியர் 1855 வரை தஞ்சையில் இருந்தனர் என்பதும், அவர்கள் அடுப்பும் நம் அடுப்பும் அங்கே அருகருகே எரிந்தன என்பதும் வரலாறு. விநாயக சதுர்த்தியன்று ஆஜி செய்யும் மோதகமும் அம்மா செய்த கொழுக்கட்டையும் ஒரே தட்டில் இருந்தால், மடிப்பை வைத்துத்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும்.

அம்மா ஆஜிக்கு விரும்பிக் கற்றுக்கொடுத்தது தீயல். தேங்காயும் மல்லியும் மிளகாயும் கருஞ்சிவப்பாக வறுபட்டு அரைபட வேண்டும். சின்ன உள்ளியும் புளியும் சேர வேண்டும். வாட்டண் அரைத்துப் பழகிய ஆஜிக்கு அது எளிதில் பிடிபட்டது. பல மாலைகள் அம்மாவின் அடுப்பருகே நின்று பார்த்திருக்கிறார்.

2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மா காலமானார். அவர் ஒருநாளும் அளவு பார்த்துச் சமைத்தவர் அல்லர். எல்லாம் கைக்கணக்கு, கண்கணக்கு. சில மாதங்கள் கழித்து வீட்டில் தீயல் வைத்தபோது, நிறம் வருமுன் தேங்காயை இறக்க இருந்தோம். வாசனை கேட்டு வந்த ஆஜி அடுப்பருகே நின்று, "அஜூன், அஜூன்" என்றார். இன்னும், இன்னும் என்று பொருள். அவர் கையமர்த்திய நொடியில் இறக்கினோம். அன்று இலையில் விழுந்தது அம்மாவின் தீயலேதான். நாஞ்சில் நாட்டுப் பக்குவத்தை ரத்தினகிரி ஆஜியிடமிருந்து எங்கள் பிள்ளைகள் திரும்பப் பெற்றனர்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இருவகைப் பேச்சுக்களைக் கேட்கிறோம். நம் சமையலைத் தவிர வேறொன்றையும் வாயில் வைக்கமாட்டோம் என்பார் ஒருசாரார். வீட்டில் சமைக்க நேரமேது, எல்லாம் கடையில் கிடைக்கிறதே என்பார் மற்றொரு சாரார். முன்னவர் வீட்டுச் சமையல் அண்டை வீட்டுக்குப் போவதில்லை. பின்னவர் வீட்டில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் தீயல் நிலைத்தது, அது பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பழகியிருந்ததால்.

ஆகவே அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. கல்கத்தாவில் இருந்தாலும், டில்லியில் இருந்தாலும், ஆமதாபாத்தில் இருந்தாலும், மாதத்தில் ஒரு நாள் அவ்வூரார் உண்ணும் எளிய கடைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். உண்ணும் பண்டத்தின் பெயரை அவர்கள் மொழியில் கேட்டறியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சமைக்கும்போது அருகில் ஒருவர் நிற்கட்டும். நிற்பவர் அண்டை வீட்டாராக இருந்தால் இன்னும் நல்லது. தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் உங்கள் தெருவில் இருப்பின், அவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலைமுன் அமர்த்துங்கள். அக்காலத்தில் போர்டிங் ஹவுஸ்கள் செய்த தொண்டு அது. இன்று அதை ஒவ்வொரு வீடும் சிறிதளவேனும் செய்யலாம்.