பாட்டியும் பதிமூன்று கண் பாலமும்

எங்கள் பாட்டி பிறந்த ஊர் புனலூர், வாக்கப்பட்டது தென்காசியில். 1904ஆம் ஆண்டு மலையைக் குடைந்து போட்ட இருப்புப் பாதைதான் அவர்களுக்குப் பிறந்த வீட்டு வழி. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010இல் செங்கோட்டைக்கு மேற்கே ரயிலை நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் மலையேறினால் பாட்டிக்குத் தலைசுற்றும், ஆகவே போகவேயில்லை. 2018இல் மறுபடி ரயில் ஓடியபோது அவர்களுக்குப் பார்வை மங்கிவிட்டது. இருந்தாலும் வீட்டோடு புறப்பட்டோம். அக்காளும் நானும் பாட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்தோம். பகவதிபுரம் தாண்டி முகத்தில் குளிர் அடித்ததும், "குகை வந்துட்டு" என்றார்கள். நாங்கள் சொல்லவேயில்லை! கழுதுருட்டிப் பாலத்தின் கண்களை எண்ண எட்டி எட்டிப் பார்த்தோம். வண்டிக்குள்ளிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"ஏட்டி, பதிமூணு இருக்கு. எண்ணிப் பார்க்க வேண்டாம்" என்றார்கள் பாட்டி.