பார்வை 41

"அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாதுன்னா போட்டிருக்க?"

கம்ப்யூட்டர் திரையைக் காட்டி இப்படிக் கேட்டவன் எங்க சித்தப்பா மகன். அப்போது அவனுக்குப் பதினைந்து வயசு. கேட்டது 2016 கடைசியில். பண்ணைக்காட்டுப் பக்கம், கீழ்மலைக் கடைவீதி ஒன்றில், நாலு கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டரில் நான் வேலையில் இருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், அதே ஊரில்தான் எல்லாரும் இன்னும் பிழைக்கிறோம். பகலில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பம், கரண்டு பில், ஜெராக்ஸ். அஞ்சு மணிக்கு மேல் பையன்கள் வருவார்கள். மணிக்கு 20 ரூபாய். ஃபிஃபா 16 என்ற கால்பந்து வீடியோ ஆட்டம். கடையில் வாங்கிய சி.டி. இல்லை, யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனது.

மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் வைத்து ஆடி அலுத்துப்போன பிறகு, நம்ம ஊர் டீமையே உள்ளே கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். முடியும். ஆட்டத்தின் தரவுக் கோப்பைத் திறந்து திருத்துவதற்கு கிரியேஷன் மாஸ்டர் என்று ஒரு மென்பொருள் இருந்தது. இங்கிலாந்தின் நாலாம் பிரிவிலிருந்து இரண்டு அணிகளை எடுத்து, அந்த வெள்ளைக்காரப் பேர்களை அழித்துவிட்டு, ஒன்றில் ஊர்த்தெருப் பையன்களையும் இன்னொன்றில் எங்க காலனிப் பையன்களையும் ஏற்றினேன். இந்தியன் சூப்பர் லீக்கே ஃபிஃபா 22இல்தான் அந்த ஆட்டத்துக்குள் போனது, 2021இல். எங்க காலனி அதற்கு அஞ்சு வருசம் முந்திப் போயிருச்சு. அன்றைக்குப் பேர் திரையில் வந்தபோது பையன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பேர் ஏற்றுவது சுலபம், மார்க் போடுவதுதான் வேலை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் முப்பதுக்கு மேல் கட்டங்கள் இருக்கும். ஓட்டம், உடல்பலம், தாக்குப்பிடிப்பு, முரட்டுத்தனம், பந்துக் கட்டுப்பாடு, பாஸ், பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் 99க்குள் ஒரு எண். இவற்றிலிருந்து மொத்த மார்க் ஒன்றை ஆட்டமே கணக்குப் போட்டுக்கொள்ளும். பெரிய அணிகளுக்கு அந்த நிறுவனம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பார்வையாளர்களை வைத்து மார்க் போடுகிறது. கீழ்மலைக்கு நான் ஒருத்தன்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து இருபத்திரண்டு பேருக்கும் போட்டு முடித்தேன்.

மறுநாள் தம்பி தன் கட்டத்தைப் பார்த்தான். ஓட்டம் 88. உடல்பலம் 84. முரட்டுத்தனம் 80. பார்வை 41.

பார்வை என்றால் கண்ணு தெரிகிற பார்வை இல்லடா, ஆட்டத்தை முன்கூட்டிப் படிக்கிறது, எவன் எங்கே நிக்கிறான்னு தெரிஞ்சு பந்தைப் போடுறது என்று விளக்கினேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அதத்தானண்ணே நான் பண்றேன்?" என்றான்.

அவன் சொன்னது உண்மை. எங்க டீமில் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் அவன்தான். அவனுக்கு 41 போட்ட கை என்னுடையது.

அவன் போன பிறகு மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் ஏற்றி சராசரி பார்த்தேன். ஓட்டத்தில் காலனி 81, ஊர்த்தெரு 72. பார்வையில் காலனி 46, ஊர்த்தெரு 67. பதினோரு பேரில் ஒருத்தனுக்காவது நிதானம், பார்வை, நீண்ட பாஸ் இதிலெல்லாம் நான் 60 தாண்டிப் போட்டிருக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்துப் போட்டதில்லை. கை தானாகப் போட்டது.

தானாக என்று சொல்லிவிட்டால் போதுமா? நான் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஒருத்தர் எங்களை ஒரு மாதிரி தூக்கித்தான் பேசுவார். "உங்க ஆளுகளுக்கு உடம்பு இயற்கையிலேயே இரும்புடா" என்பார். ஓட்டப் பந்தயமா, கபடியா, முதல் ஆளாகக் கூப்பிடுவார். கால்பந்தில் எனக்கு எப்போதும் ஓரம்தான். "நீ ஓடு. யோசிக்கிறத நடுவுல இருக்கவன் பாத்துக்குவான்." அதை அன்றைக்குப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், வீட்டில் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அப்பா அப்போது வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தார். ரோடு இல்லாத தோட்டத்திலிருந்து லாரி நிற்கிற இடம் வரைக்கும் தலைச்சுமை. தோட்டக்காரர்களும் அவரைப் பாராட்டத்தான் செய்தார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன், விசயமே அதில்தான் இருக்கிறது. மொத்த மார்க் என்பது எல்லாக் கட்டத்தையும் கூட்டி வகுத்த சராசரி இல்லை. நிற்கிற இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எடை உண்டு. இந்த எடைகளை நிறுவனம் வெளியிட்டதல்ல. ஆடுகிறவர்கள் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவை. நடு மிட்ஃபீல்டருக்கு சின்ன பாஸ் 17 விழுக்காடு, பந்துக் கட்டுப்பாடு 14, பார்வை 13, நீண்ட பாஸ் 13. ஓட்டத்துக்கு எதுவும் கிடையாது. உடல்பலத்துக்கும் கிடையாது. சுழியம். ஓரத்தில் ஆடுகிற மிட்ஃபீல்டருக்கோ வேகத்துக்கான இரண்டு கட்டமும் சேர்ந்து 13 விழுக்காடு.

அப்படியானால் நான் தம்பிக்குக் கொடுத்த 88ம் 84ம் நடுவில் நிற்பதற்குச் செல்லாத காசு. நடுவில் வைத்தால் அவன் 63, ஓரத்தில் வைத்தால் 68. ஆட்டத்திடமே அணியைத் தேர்வு செய்யச் சொன்னால் அது அவனை ஓரத்துக்குத் தள்ளும். ஆட்டத்துக்குச் சாதி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நான் கொடுத்த எண்கள். வாத்தியார் வாயால் செய்ததை இங்கே கூட்டல் பெருக்கல் செய்துவிடுகிறது, கெட்ட பேர் யாருக்கும் இல்லாமல்.

இன்னொரு கட்டமும் இருந்தது: சர்வதேசப் புகழ். ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ இருந்தால் கணக்கெல்லாம் முடிந்த பிறகு மொத்தத்தில் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று வரைக்கும் கூடும். எப்படி ஆடினாலும் சரி, பேருக்காக மார்க். ஊர்த்தெரு கேப்டனுக்கு நான் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தேன். திண்டுக்கல்லைத் தாண்டி எங்கேயும் ஆடாதவனுக்கு என்ன சர்வதேசப் புகழ்? அவன் என்னிடம் கேட்கக்கூட இல்லை.

இது என் ஒருத்தன் கை செய்த தப்பு மட்டும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. 2020இல் ரன்ரிப்பீட் என்ற ஆய்வு நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தோடு சேர்ந்து, ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களுக்குச் சொல்லப்பட்ட ஆங்கில வர்ணனையை எண்ணிப் பார்த்தது. ஒருவனின் பலத்தைப் பற்றிப் பேசும்போது அவன் கறுத்த தோல்காரனாக இருக்கும் வாய்ப்பு 6.59 மடங்கு. வேகத்தைப் பற்றி என்றால் 3.38 மடங்கு. அறிவைப் பாராட்டிய பேச்சில் 62.60 விழுக்காடு வெளுத்த தோல்காரர்களுக்குப் போனது. வர்ணனையாளர்கள் யாரையும் திட்டவில்லை. எங்க வாத்தியார் மாதிரி பாராட்டத்தான் செய்தார்கள்.

நம் பக்கம் பல்வங்கர் பாலு இருக்கிறார். சாமர் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவர் பந்துவீச்சு வேண்டும், ஆனால் தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவரை முறையான கேப்டனாக ஆக்கவே இல்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பதவி வந்தது, அதுவும் போராடி. பாலுவின் கை வேண்டியிருந்தது. அணியை நடத்தத் தலை வேண்டும் என்றபோதுதான் யோசித்தார்கள்.

எனக்கு முதலில் தோன்றிய வழி, கணக்கையே மாற்றுவது. ஆட்டத்துக்குள் இருந்த கணக்கை என்னிடம் இருந்த கருவியால் தொட முடியவில்லை. அதனால் எக்செல்லில் என் சொந்தக் கணக்கு ஒன்று போட்டேன். நடு மிட்ஃபீல்டருக்கு ஓட்டம் 15 விழுக்காடு, உடல்பலம் 10, பார்வை 3. அந்தக் கணக்கில் வரும் மொத்த மார்க்குக்கு ஏற்றபடி மற்றக் கட்டங்களைப் பின்னாலிருந்து திருத்திவிடலாம் என்பது திட்டம். தம்பி 74க்கு வந்தான். கூப்பிட்டுக் காட்டினேன், சந்தோசப்படுவான் என்று.

"ஓட்டத்துக்கு மார்க்க கூட்டி என்னைய நடுவுல நிறுத்துறியா? அப்பயும் பார்வை 41தானே?" என்றான்.

இந்த இடத்தைக் கேட்ட நண்பர் ஒருத்தர், நீ இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்றார். இல்லை தோழர். இடஒதுக்கீடு பூட்டிக் கிடக்கிற மைதானத்தின் கதவைத் திறக்கிறது. உள்ளே போகிறவனுக்குக் கண் தெரியாது என்று அது எழுதிவைப்பதில்லை. நான் செய்யப் பார்த்தது எழுதிவைக்கிற வேலை.

மைதானம் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. மலையில் சமதரை என்றால் அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம். மேலே கொடைக்கானலில் 1895இலிருந்து கோல்ஃப் ஆட இடம் இருக்கிறது. எங்க ஊரில் சமமான ஒரே திடலில் ஊர்த்தெரு ஆடும். காலனிக்கு இருந்தது காபித் தோட்டத்துக்குக் கீழே, சரிவில் ஒரு படி மாதிரி வெட்டின இடம். நீளம் இருக்கும், அகலம் இருக்காது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஓடை. பந்து கொஞ்சம் அதிகமாகப் போனால் ஓடையில் விழும். அடித்தவன்தான் இறங்கி எடுக்கவேண்டும், அட்டைக் கடியோடு ஏறி வர அரைமணி நேரம். ஒரே பந்து, அதனால் அதுவரை ஆட்டம் நிற்கும், எல்லாரும் திட்டுவார்கள். இப்படி ஆடிப் பழகினவன் பந்தை உதைக்கிறதற்கு முன்னால் தலையைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பானா? கார்த்திகை மாசம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியாது. குரலை வைத்துத்தான் பாஸ். அந்த இடத்தில் ஆறு வயசிலிருந்து ஆடியவனுக்குத்தான், அதே இடத்தில் ஆடி வளர்ந்த நான், 41 போட்டேன்.

அடுத்து ஆறு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன், ஊர்த்தெருத் திடலிலும், எங்க சரிவிலும். பந்து வருவதற்கு முன்னால் ஒருத்தன் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறான், முன்னோக்கிப் போட்ட பாஸில் எத்தனை ஆளிடம் சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கோடு கிழித்தேன். எங்க பையன்கள் எல்லாருமே மேதைகள் என்று வரவில்லை, அப்படி வந்தால்தான் சந்தேகப்படணும். எங்க கோல்கீப்பர் நான் நினைத்ததைவிட மோசம். ஊர்த்தெருவில் ஒல்லியாக ஒரு பையன், நிதானம் என்று நான் 75 கொடுத்தவன், உண்மையில் பயங்கரமாக ஓடுகிறவன். அவனுக்கும் நான் அநியாயம்தான் செய்திருக்கிறேன். தம்பிக்குப் பார்வை 76, நீண்ட பாஸ் 48 இருந்தது 70, சின்ன பாஸ் 64 இருந்தது 70 என்று ஆனது. ஓட்டத்தை 79க்குக் குறைத்தேன், அவன் அவ்வளவு வேகமெல்லாம் இல்லை. ஆட்டத்தின் கணக்கில் கையே வைக்காமல், நடுவில் அவன் மொத்தம் 71. நட்சத்திரம் எல்லாருக்கும் ஒன்று.

ஓட்டம் குறைந்தது அவனுக்கு வருத்தம்தான். "79ஆ?" என்று இரண்டு தடவை கேட்டான்.

புதுக் கோப்பு ஏற்றிய மூணாவது நாள் தகராறு. "ஒங்க ஆளுகன்னு ஏத்திட்ட" என்றான் ஊர்த்தெரு கேப்டன். நோட்டைக் காட்டினேன். நோட்டை அவன் பார்க்கவில்லை. "இவன் நடுவுல 71, நான் 69ஆ?" என்பதுதான் அவனுக்கு. இரண்டு நாள் அந்தத் தெருவிலிருந்து ஒருத்தனும் கடைக்கு வரவில்லை. முதலாளி நல்ல மனுசன்தான், சாதி பேசமாட்டார். "ஏம்ப்பா, வெளையாட்டுக்கு எதுக்கு இவ்வளவு? மொத இருந்ததையே போட்ரு, அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். தம்பி சொன்னது அவர் கணக்கில் இல்லை.

நான் மாட்டேன் என்றேன். பழைய கோப்பை நான் அழித்திருக்கவில்லை, இன்னொரு ஃபோல்டரில் அப்படியே கிடந்தது. அவரே ஒரு பையனை விட்டு அதை ஏற்றிக்கொண்டார். அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டுவிட்டேன். அந்தக் கடை இப்போது இல்லை. ஃபிஃபா என்ற பேரில் அந்த ஆட்டமும் இப்போது வருவதில்லை, 2023இல் பேர் மாற்றிவிட்டார்கள்.

தம்பி இப்போது வத்தலக்குண்டில் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால் அந்தச் சரிவில் சின்னப் பையன்களை வைத்து ஆடவிடுவான். கூட்டாளிகள் இன்றைக்கும் அவனை நாப்பத்தொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள், சிரித்துக்கொண்டு அவனும் திரும்பிப் பார்க்கிறான். புதுக் கோப்பு என்னிடம் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. கடை மூடுகிற வரைக்கும் அந்த நாலு கம்ப்யூட்டரில் ஓடியது பழையதுதான். அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.