பந்தயத் தடத்துக்குப் போகும் பிள்ளைக்கு எந்த டயர்?



நம் பிள்ளைகளுள் சிலருக்கு வேகத்தின் மீது தீராத ஆசை உண்டு. தூத்துக்குடியில் அவ்வாசைக்குக் கிடைத்த இடம் துறைமுகச் சாலை. பகலெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் அச்சாலை பின்னிரவில் சற்றுக் காலியாகும். அப்போது கார்கள் பறக்கும். உப்பளத்துக்குப் புறப்படும் தொழிலாளியின் சைக்கிளில் விளக்கு இராது. மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஆதலால், நம்மிடம் ஓதி முடித்து இன்று சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர், கோவையிலுள்ள பந்தயத் தடத்தில் தம் காரை ஓட்டிப் பழக விரும்புவதாகச் சொன்னபோது நாம் தடுக்கவில்லை. அவருடைய வாப்பாவோ கலங்கிப்போய் வந்து, "ஹஜ்ரத், நீங்களாவது இவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். எடுத்துச் சொன்னோம். போகாதே என்றல்ல, எந்தச் சக்கரத்தில் போவது என்று.

மத்ரஸா ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நம் வாப்பா லாரி டயர்களுக்கு ரீபட்டன் போடும் பட்டறை வைத்திருந்தார்கள். ஓதும் நேரம் போக, நம் சிறுவயது ரப்பர் வாடையிலேயே கழிந்தது.

தமிழகத்தில் காரோட்டிகளுக்கு உள்ள தடங்களுள் இரண்டைச் சொல்வோம். ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் சென்னைத் தடம். சுற்றளவு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. மற்றொன்று, கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தயமின்றி, சொந்தக் காரை ஓட்டிப் பழகுவதற்கென்றே சில நாட்கள் ஒதுக்கப்படுவதுண்டு. எதிரே வண்டி வராது, சாலையைக் கடப்போர் இலர், தலைக்கவசம் கட்டாயம். நண்பர்கள் தமக்குள் பணம் கட்டி, முந்தியவர் எடுத்துக்கொள்வது என்று பேசாதவரை சூதாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசினால் அது வேறு. அதில் நமக்குச் சமரசம் கிடையாது.

அந்தத் தம்பியின் திட்டம் இது. காருடன் வந்த 15 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் வீல். அதன்மேல் பந்தயக்காரர்கள் விரும்பும் மெதுரப்பர் டயர், அகலமாக. விலை இரண்டு மாதச் சம்பளம். கடைக்காரர் மாதத் தவணைக்கு வழி காட்டியிருந்தார், வட்டியோடு. வாப்பாவின் கலக்கத்தில் பாதி அந்த வட்டியால் வந்தது.

நாம் சொன்னது: எதுவும் வாங்க வேண்டாம். காரில் உள்ள டயரே போதும்.

மெதுரப்பர் டயர் சாலையை இறுகப் பற்றும், அதில் ஐயமில்லை. பற்றுவதால் ஓட்டுபவர் வளைவுக்கு இன்னும் நெருங்கி வந்து, இன்னும் அழுத்தி பிரேக் பிடிப்பார். அந்தச் சூடெல்லாம் சாதாரண பிரேக்கில் இறங்கும். சில சுற்றுகளில் பிரேக் ஆயில் கொதித்தால், மிதித்த பெடல் தரை வரை போகும். முத்துக் குளித்த காலத்தில் நம் கரையோர முன்னோர் கயிற்றில் கட்டிய கல்லோடு கடலுக்குள் இறங்கினர். கல் கனத்தால் விரைவாக அடியைச் சேரலாம். அதனால் மூச்சு நீளாது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண டயர் பிடியை இழக்குமுன் கிறீச்சிட்டு எச்சரிக்கும்; மெல்ல வழுக்கும்; திருத்திக்கொள்ள அவகாசம் தரும். மெதுரப்பர் டயர் கடைசிவரை பிடித்திருந்து, அதிக வேகத்தில் சட்டென்று கைவிடும். கற்பவருக்கு எது நல்ல உஸ்தாது? இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் குதிரைப் பந்தயச் செய்தியை நம் மாணவர்கள் புகாரியில் ஓதுகின்றனர். பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் ஓட்டம். பயிற்றப்படாதவற்றுக்கு ஒரு மைல். தகுதிக்கேற்ற களத்தை நபி (ஸல்) அவர்களே வகுத்திருக்கிறார்கள்.

டயரைத் தம் காருக்கும் தடத்துக்கும் பொருத்திப் பார்க்காமல் வாங்குவதில் பெரிய நிறுவனங்களும் தவறியதுண்டு. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தில், அத்தடத்தின் சாய்வான வளைவை மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா எனத் தெரிந்து, அவற்றைப் பூட்டிய 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்களே ஓடின. கோவையின் நரேன் கார்த்திகேயன் அவற்றுள் ஒன்றை ஓட்டி நான்காவதாக வந்து, இந்தியர் ஒருவரின் முதல் ஃபார்முலா ஒன் புள்ளிகளைப் பெற்றார்.

உள்ள டயரே போதும் என்றோம்; ஆனால் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ சுமக்கும் என்பது; எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது. நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கம் பிறந்த நாள்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாண்டு கடந்ததைத் தடத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம். ரீபட்டன் டயர் கூடவே கூடாது; அத்தொழிலில் சோறுண்டவர் சொல்கிறோம். வீக்கம், வெட்டு, சுவரில் வெடிப்பு ஏதேனும் இருந்தால் பயணம் ரத்து.

புத்தம்புது டயரைவிடப் பாதி தேய்ந்தது உலர்ந்த தடத்தில் நன்றாக ஓடும். பட்டன் உயரமாக இருந்தால் சூட்டில் நெளிந்து பிய்ந்து வரும். அதற்காக மொட்டை டயரில் போகலாகாது. திரும்பும் வழியில் மழை பெய்யும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், நாம் நான்கு கேட்கிறோம்.

ரிம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமானது. கனத்த சக்கரம் முடுக்கத்தையும் பிரேக்கையும் மந்தமாக்கும். மலிவான நகல் அலாய் குழியில் இறங்கினால் விரிசல் காணும். துளைகளின் எண்ணிக்கை பொருந்தினால் போதாது. நடுத்துளையும் உள்வாங்கும் அளவும் பொருந்த வேண்டும். நம்மூர் உப்புக்காற்றில் ரிம்மின் விளிம்பு அரித்துக் காற்று மெல்லக் கசியும்; டயரைக் கழற்றி அவ்விடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மிச்சப்பட்ட பணத்தில் சிறு பகுதியைப் புதிய பிரேக் ஆயில், பிரேக் பேட், அலைன்மென்ட், சொந்தத் தலைக்கவசம் ஆகியவற்றுக்குச் செலவிட்டார் தம்பி. தவணை இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தையும் அவரே வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். தனியார் கார்ப் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை; தடத்தில் கார் நொறுங்கினால் ஒரு ரூபாயும் வராது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். இதை முன்னதாகவே வீட்டில் பேசிக்கொள்வது, பின்னர் உம்மாவிடம் மறைக்க முயல்வதைவிட மேல்.

கடைசியாகக் காற்று. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கையேட்டில் உள்ள அளவு. சில சுற்றுகளில் சூடேறி ஐந்தாறு புள்ளி கூடும். அப்போது சற்றே இறக்குவார்கள். சுற்று முடிந்ததும் சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். சூடான பிரேக்கின் மேல் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. தூத்துக்குடிக்குச் சற்றேறக்குறைய 350 கிலோமீட்டர் திரும்ப வேண்டும், அதே நான்கு டயரில், சுமையோடு, இரவில். இறக்கிய காற்றை நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் சூடேறி வெடிக்கும். அதனால் வாப்பாவையும் உடன் அனுப்பினோம். டயர் ஆறிய பின், மதுரைச் சாலையில் ஏறுமுன் பெட்ரோல் பங்கில் நின்று நான்கு சக்கரத்துக்கும் காற்று பார்ப்பது அவர் பொறுப்பு. அளவுக்கருவியை அவரே தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.