கிணற்றடியும் குசினியும்



நான் எழுத்தாளன் அல்ல. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஓக்லண்டில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

போன கோடையில் என் ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல், வயிற்றுக்குத்து, இரத்தம் கலந்த வயிற்றோட்டம். டொக்டர் மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார். 'கம்பிலோபக்டர்' என்ற கிருமியாம். கோழியை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். "மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, நாலு தண்ணீரில் கழுவித்தான் கறி வைப்போம்" என்றாள் மனைவி பெருமையாக. "கழுவுவதை நிறுத்துங்கள்" என்றார் அவர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கிருமி கோழியின் குடலில் இருக்கும். கோழிக்கு நோய் வராது. இயந்திரம் குடலை எடுக்கும்போது சற்றுக் கிழிந்தாலும் தோலில் பட்டுவிடும். குளோரின் கலந்த குளிர்நீரில் போட்டாலும் குறையுமே தவிர முற்றாகப் போகாது. சில நூறு கிருமிகளே ஒரு பிள்ளையைப் படுக்கையில் போடப் போதும். தண்ணீர் அதைக் கொல்லாது, தெறிக்கத்தான் வைக்கும். அன்று எங்கள் சிங்குக்குப் பக்கத்தில் மகனுக்கு வெட்டிய வெள்ளரிக்காய் இருந்தது.

2006இல் இந்த நாட்டில் 15,000 பேருக்கு மேல் இந்நோய் பதிவானது. அடுத்த ஆண்டு அரசு தொழிற்சாலைகளுக்குக் கிருமி அளவில் எல்லை விதித்தது. 2008இல் அத்தொகை 7,000க்கும் கீழே வந்தது. மிச்சம் எங்கள் கையில்.

"கழுவாத கோழியைச் சமைத்தால் அம்மா என்ன சொல்லுவா?" என்று மனைவி அழாக்குறையாகக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அம்மா கழுவியது கிணற்றடியில். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போனது. குசினி தள்ளி இருந்தது. இங்கே சிங்குக்கு அருகிலேயே தேநீர்க் கோப்பை. வழக்கத்தில் பிழையில்லை, இடம்தான் மாறிவிட்டது.

இப்போது கோழியைக் கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்து நேரே சட்டியில் போடுகிறோம். துவாய் உடனே குப்பைக்குள். இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம். குளிர்பெட்டியில் இறைச்சியைக் கீழ்த்தட்டில் வைக்கிறோம். உள்ளே 75 பாகை சூடேறி, இளஞ்சிவப்பு மாறும்வரை வேகவிடுகிறோம். கிருமியைக் கொல்வது நெருப்புத்தான்.

மஞ்சளையும் தேசிக்காயையும் விடச் சொல்லவில்லை. அவை சட்டிக்குள் போகட்டும்.