குளம்பொலி தேடி – 5: தெமட்டகொடை

சென்ற பகுதியில் எழுதிய நெடுந்தீவுக் குதிரைகளுக்கு லாடம் கிடையாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்துவிட்டுப் போன குதிரைகளின் வாரிசுகள் அவை. முருகைக்கல் தரையில் ஓடி ஓடிக் குளம்பு தானாகவே தேய்ந்து சீராகிவிடுகிறது. கட்டி வைத்து வேலை வாங்கும் குதிரைக்குத்தான் லாடம் வேண்டும். போருக்குக் கொண்டுபோகும் குதிரை என்றால் லாடம் அடிக்கிற ஆளும் கூடவே போக வேண்டும். தளபதிகளின் பெயரும் சில குதிரைகளின் பெயரும்கூட வரலாற்றில் இருக்கின்றன. அந்த ஆளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அவரைத் தேடிக் கொழும்புக்கு வந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கல். “தெமட்டகொடையிலை என்ன பார்க்கக் கிடக்கு, தம்பி? வாகனமும் புகையும்தானே” என்றபடி இடியப்பமும் சொதியும் வைத்தார். கடலோரமாக ஓடும் ரயிலில் மருதானை வரை போய், அங்கே வண்டி மாறினால் அடுத்த தரிப்பிடம் தெமட்டகொடை. இங்கே ரயில்வேயின் எஞ்சின் கொட்டகை இருக்கிறது. ‘வைஸ்ராய் ஸ்பெஷல்’ சுற்றுலா ரயிலை இழுத்த பழைய நீராவி எஞ்சின்களைப் பராமரித்த இடம். இரும்பும் நெருப்பும் தெரிந்த மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி இது என்பதால், லாடம் பற்றிக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் கொழும்பில் இல்லை என்று நினைத்தேன்.

தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தகப்பனார் வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டியவராம். “குதிரை நின்றபடி காலைக் கொடுக்கும் தம்பி, மாடு கொடுக்காது. கயிறு போட்டு விழுத்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டணும். அப்பா அடிக்கிறபோது நான் தலையை அமுக்கிப் பிடிச்சிருப்பேன். பிளந்த குளம்பு, அதனாலே காலுக்கு ரெண்டு தகடு, மாட்டுக்கு எட்டு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் மாடு நொண்டும். வண்டிக்காரன் வீட்டிலே அன்றைக்கு அடுப்பு எரியாது.”

அந்த ஒரு நூல் கணக்குத்தான் இந்தத் தொழிலின் உயிர். குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல உணர்ச்சியற்றது. அதற்கு உள்ளே இரத்தமும் நரம்பும் உண்டு. ஆணி சுவருக்குள் நுழைந்து, வெளிப்புறமாக வளைந்து, பக்கவாட்டில் தலைகாட்ட வேண்டும். அந்த முனையை முறித்து மடக்கி அரத்தால் தேய்ப்பார்கள். வழக்கமாக வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு படைப்பிரிவில் நூற்றுக்கணக்கான குதிரைகள். அணிவகுப்பு நின்று மற்றவர்கள் படுக்கும் நேரத்தில்தான் லாடக்காரரின் வேலை தொடங்கும்.

பிரித்தானியக் குதிரைப்படையின் லாடக்காரர் சுத்தியலோடு ஒரு கோடரியும் வைத்திருந்தார். ஒரு பக்கம் வெட்டும் அலகு, மறுபக்கம் கூர்முனை. கால் முறிந்து எழ முடியாத குதிரையின் வேதனையை அந்தக் கூர்முனையால் முடித்துவைப்பது அவர் கடமை. குதிரையின் எண் குளம்பில் சூடு வைத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குளம்பை அலகால் வெட்டிக் கொண்டுபோய்க் காட்டினால்தான், குதிரை விற்கப்படவில்லை, செத்துத்தான் போனது என்று கணக்கில் எழுதுவார்கள். மாதாமாதம் மடியில் ஏந்திச் சீவிய அதே குளம்பு! இந்தச் செய்தியை முதலில் படித்த நாளிலிருந்து அந்த மனிதர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர்களில் ஒருவரின் வாழ்க்கை மட்டும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. மைக்கேல் மர்பி, அயர்லாந்தின் திப்பரரிக்காரர். கிரிமியப் போர்க்காலத்தில், 1855இல் படையில் சேர்ந்தார். பிறகு இராணுவப் போக்குவரத்துப் படையான ‘மிலிட்டரி ட்ரெயின்’. சீனாவுக்குப் புறப்பட்ட அந்தப் படையை 1857 எழுச்சிக்காக இந்தியாவுக்குத் திருப்பினார்கள். அங்கே அது குதிரைப்படையாகவே போரிட்டது. அந்த ஆண்டு வங்கத்தில் குதிரைக்குப் பெரும் தட்டுப்பாடு. சென்னையின் 8ஆம் இலகு குதிரைப்படை, பழைய சம்பள விகிதம் தந்தால்தான் வடக்கே போவோம் என்று பூந்தமல்லி அருகே நின்றுவிட்டது. வீரர்களின் ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு குதிரைகளை மட்டும் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஆளைவிடக் குதிரைக்கு அவசரம் இருந்த காலம் அது.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. இங்கே நின்ற 37ஆம் காலாட்படையைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1858 மார்ச்சில் அந்தப் படையினரில் ஒரு பகுதி வட இந்தியாவின் ஆசம்கரில், எழுச்சித் தலைவர் குன்வர் சிங்கின் முற்றுகைக்குள் சிக்கியது. எண்பது வயதை எட்டிய ஜகதீஷ்பூர்க்காரர் அவர், தன் மண்ணுக்காகக் குதிரை ஏறியவர். ஏப்ரல் 15 அன்று, ஆசம்கரிலிருந்து பின்வாங்கிய அவருடைய படையைத் துரத்தியவர்களில் மர்பியும் இருந்தார். குதிரையிலிருந்து விழுந்து, காயத்தோடு சூழப்பட்டிருந்த ஹாமில்டன் என்ற அதிகாரியைத் தானும் வெட்டுப்பட்டபடி காத்து நின்றார். அதற்காகப் பிரித்தானியாவின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அரசிதழ் அவரை ‘இப்போது லாடக்காரர்’ என்றே குறிக்கிறது. எனக்கு அந்த நாளின் வீரர் குன்வர் சிங்தான். ஆனாலும், விழுந்தவனை விட்டு ஓடாமல் நின்ற ஒருவரின் துணிவை மறுக்க மனம் வரவில்லை.

மர்பி லாடக்காரர்களின் தலைவர் பதவி வரை உயர்ந்தார். 1872இல் ஓட்ஸையும் உலர்புல்லையும் திருடியதாகத் தண்டிக்கப்பட்டார். ஒன்பது மாதக் கடும் சிறை. சிலுவையும் ரத்து. இதுவரை அந்த விருதை இழந்தவர்கள் எட்டே பேர், அவர்களில் ஒருவர் அவர். மீண்டும் படைக்குத் திரும்பி, ஓய்வு பெற்று, 1893இல் டார்லிங்டனில் இறந்தார். தூக்குமேடை ஏறினாலும் ஒருவரிடமிருந்து அந்தச் சிலுவையைப் பறிக்கக் கூடாது என்று 1920இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கருத்துச் சொன்னார். சரியான கருத்து. மர்பிக்கு அது மிகத் தாமதம்.

தேநீர்க் கடையிலிருந்து கொலன்னாவைப் பக்கம் போனால் லிவரமெண்டு கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. ஒரே அளவான கற்கள். பதவி, படை, பெயர், நாள். அருகேதான் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் அவற்றைத் தேடி வந்து அங்கொடை மனநோய் வைத்தியசாலையில் குண்டு போட்டன. எண்ணெய்தான் இலக்கு, அப்போதே புல்லின் காலம் முடிந்திருந்தது. இலங்கையின் சொந்தக் குதிரைப்படை, 1892இல் பெரும்பாலும் வெள்ளைத் தோட்டத்துரைகளைக் கொண்டு தொடங்கியது, போருக்கு முந்தைய ஆண்டான 1938இல் கலைக்கப்பட்டுவிட்டது.

அந்தப் படை 1900இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே நடந்த போயர் போரில் பிரித்தானியர் இழந்த குதிரைகள் மூன்று இலட்சத்துக்கும் மேல். குண்டு பட்டுச் செத்தவை சிறு பங்குதான். வாரக்கணக்கில் கப்பலில் நின்று வந்தவற்றை ஓய்வு கொடுக்காமல், தீனி போதாமல் ஓட்டியே கொன்றார்கள். ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒரு லாடக்காரர் கோடரியோடு வரிசையில் நடந்திருப்பார். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது அந்த வரிசைகள்தான் நினைவில் ஓடின. போர்களை எண்ணுகிறவர்கள் இந்த வேலையையும் எண்ண வேண்டும். அந்த வேலைக்கென்று தனிப் பதக்கம் எதுவும் இல்லை.

போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அதே 1900இல் கொழும்பில் இறக்கி, ரயிலேற்றித் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள். குதிரை மேலேயே வளர்ந்தவர்கள், இந்தத் தெமட்டகொடைத் தண்டவாளம் வழியாகத்தான் மலைக்குப் போயிருக்கிறார்கள். நாளைக் காலை பதுளை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அடுத்த பகுதி தியத்தலாவையிலிருந்து.