வீடு மாறும் கடிதங்கள்

குடிபெயரும் மனிதன் பாத்திரங்களை மறப்பதில்லை; படுக்கையையும் மறப்பதில்லை. தன்னைத் தேடி வரும் கடிதத்திற்கு வழி சொல்லி வைப்பதைத்தான் பெரும்பாலும் மறந்து விடுகிறான். புது வீட்டில் விளக்கேற்றிப் பால் காய்ச்சிய பின்னும், பழைய வாசலில் அவன் பெயர் தாங்கிய உறைகள் வந்து விழுந்த வண்ணம் இருக்கும்.

கெடா மாநிலத்துத் தோட்ட மக்கள் இதனை நன்கறிவர். கூலிம், பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில் வட்டாரங்களில் ரப்பர் செழித்திருந்த நாளில், தோட்டத்தின் பெயரே தொழிலாளியின் முகவரி. ஊரிலிருந்து வரும் கடிதமாயினும், அரசாங்க அறிவிப்பாயினும், முதலில் தோட்ட அலுவலகத்தையே அடையும். கிராணியார் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, ஒரு தாள் உரிய நாளில் கைக்கு வருவதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வாழ்வே நிலைகுலையக்கூடிய காலமாக அது இருந்தது.

பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் லூனாசுக்கும் பெயர்ந்தனர். பழைய முகவரிக்கு வந்த உறையின் மேல் புது முகவரியை எழுதித் திருப்பிவிட அலுவலகத்தில் அறிந்தவர் ஒருவர் இருந்தால், அக்கடிதம் பிழைத்தது. இல்லையேல், அது மேசையின் மூலையில் கிடந்து மக்கியது.

அந்த மக்களின் பிள்ளைகள் இன்று பட்டணத்தில் தொழில் நடத்துகின்றனர். 1996இல் திறந்து வைக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவை ஒட்டிப் பொருள் வழங்குவோர், போக்குவரத்து நடத்துவோர், கணக்கு எழுதுவோர் எனச் சிறு நிலையங்கள் பல உள்ளன. அவற்றின் உயிர்நாடி மின்னஞ்சல். விலைப்பட்டியலும் கொள்முதல் ஆணையும் சம்பளச் சீட்டும் அதன் வழியே வருகின்றன, போகின்றன.

மின்னஞ்சலும் முதுமை எய்திய கலைதான். ரே டாம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பி, பெயரையும் இடத்தையும் பிரிக்க '@' குறியைப் பயன்படுத்தினார். 1982இல் ஜான் போஸ்டல், அஞ்சல் கைமாறும் விதிகளை எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி எனப்படும் அவ்விதிகளின் அடிப்படையிலேயே, திருத்தங்களுடன், இன்றும் மடல்கள் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. வழங்கி என்பது அஞ்சல்களைப் பெற்றுக் காத்து அனுப்பும் கணினி. சர்வர் என்பது மக்கள் வழக்கு.

நீண்டகாலமாக இவ்வழங்கியைக் கடையின் பின்னறையில், குளிரூட்டியின் கீழ் வைத்துக் காத்த நிலையங்கள் பல. அவற்றுள் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 என்னும் மென்பொருள்களை நம்பியவர்களுக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதே ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் மலேசியாவிலேயே தன் மேகக் கணிமைத் தரவு மையங்களைத் திறந்தது. மேகம் என்றதும் வானத்தை நோக்க வேண்டியதில்லை; அது பிறர் பராமரிக்கும் பெருங்கணினிக் கூடமே. அங்கே குடிபெயர்வது இப்போது பலர்க்கும் இன்றியமையாததாகிவிட்டது.

ஆயினும் இருபது ஊழியர்களின் அஞ்சற்பெட்டிகளை ஒரே இரவில் பெயர்த்துவிட இயலாமற் போகலாம். சிலருடைய பெட்டி மேகத்திலும், சிலருடையது பின்னறையிலுமாகச் சில வாரங்கள் கழியும். முகவரியோ இரு சாராருக்கும் ஒன்றே. இந்த இடைக்காலத்தில்தான் கடிதங்கள் தொலைகின்றன. ஆபத்து பழைய வீட்டிலுமில்லை, புதிய வீட்டிலுமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையில் இருக்கிறது.

அப்பாதையை அமைப்பவை இணைப்பிகள். கனெக்டர் எனத் தொழிலில் வழங்குவதும் இதுவே. ஒன்று மேகத்திலிருந்து அலுவலக வழங்கிக்குச் செல்வது. மற்றொன்று அலுவலக வழங்கியிலிருந்து மேகத்திற்கு வருவது. ஒரு வழியை மட்டும் அமைத்துவிட்டு வேலை முடிந்ததென எழுந்து விடுவோர் உளர். அனுப்பிய சோதனை மடல் சென்று சேர்ந்த மகிழ்ச்சியில், அதற்கு மறுமொழி திரும்பி வருகிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை.

இணைப்பி வெறும் பாதையன்று, வாயிற்காவலும் அதுவே. வந்து நிற்கும் வழங்கி உண்மையில் இந்த நிலையத்தினுடையதுதானா என்பதை மேகம் இரு வழிகளில் அறியும். ஒன்று, நிலையத்தின் பெயர் பொறித்த மின்சான்றிதழ். மற்றொன்று, அலுவலகத்தின் இணைய எண். சாதாரணத் தொடர்பு பெற்ற சிறு கடைக்கு இணைய எண் அடிக்கடி மாறக்கூடும். எண்ணை நம்பிக் கட்டிய பாதை அன்றே அறுந்து போகும். ஆகையால் சான்றிதழே உறுதியானது. அதற்கும் காலாவதி நாள் உண்டு. வியாபார உரிமம் புதுப்பிக்கும் நாளைக் குறித்து வைக்கும் நாட்காட்டியிலேயே அதனையும் குறித்து வைத்தல் நன்று.

அடுத்தது, பெயர் அறியாத கடிதத்தை என் செய்வது என்னும் வினா. மேகத்தில் பெட்டி இல்லாத ஒருவருக்கு மடல் வந்தால், அதனைப் பழைய வழங்கிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று இடைக்காலத்தில் ஆணையிட்டு வைத்தல் வேண்டும். அந்த ஆணை இல்லையேல், அப்படி ஒருவர் இங்கில்லை என்று மேகம் மடலைத் திருப்பி விடும். அதுபோலவே பழைய வழங்கியும், பெயர்ந்து சென்ற ஒவ்வொரு பெட்டியின் புது இடத்தையும் குறித்து வைத்திருக்க வேண்டும். கிராணியார் உறையின் மேல் எழுதியதும் இதுவன்றோ!

உலகத்தார் மடல் அனுப்பும்போது எந்த வாசலைத் தட்டுவது என்பதை எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அதனை மாற்றிய பின்னும் சில மணி நேரம், சிலபோது ஓரிரு நாள், பழைய விடையையே நினைவில் வைத்திருக்கும் வழங்கிகள் உண்டு. ஆதலின் பழைய வாசலை உடனே அடைத்தல் ஆகாது. இந்நிலையத்தின் பெயரால் மடல் அனுப்ப உரிமையுள்ளோர் யார் என்பதை அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவில் மேகத்தின் பெயரைச் சேர்க்காவிட்டால், ஒழுங்கான விலைப்பட்டியலும் குப்பை அஞ்சலாக ஒதுக்கப்படும்.

யாரும் எண்ணாத ஒன்று அலுவலக மூலையில் நிற்கும் நகலெடுக்கும் இயந்திரம். ஆவணத்தை வருடி மின்னஞ்சலாக அனுப்பும் அதுவும், சம்பளச் சீட்டு அனுப்பும் கணக்கு மென்பொருளும், பழைய வழங்கியையே நம்பி நிற்பவை. அவற்றுக்குப் புது வழி காட்டாமல் வழங்கியை நிறுத்தினால், மாத இறுதியில் சம்பளச் சீட்டு வராத தொழிலாளிதான் பிழையை முதலில் அறிவான்.

அதற்காகப் பழைய வழங்கியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதும் தகாது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத பழைய வழங்கிகள் இணைப்பி வழியே அனுப்பும் மடல்களை முதலில் தாமதப்படுத்தி, பின்னர் தடுக்கும் நடைமுறையை மைக்ரோசாப்ட் 2023இல் அறிவித்தது. கடைசிப் பெட்டியும் கடைசி இயந்திரமும் குடிபெயர்ந்த பின் அதனை முறையாக ஓய்வு பெறச் செய்வதே அறிவுடைமை.

இவற்றையெல்லாம் தொழில்நுட்பர் செய்து தருவார். ஆயினும் முதலாளி தாமே கையில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: நிலையத்தின் இணையப் பெயரைப் பதிவு செய்த உரிமை, மேகக் கணக்கின் தலைமைக் கடவுச்சொல். இவை பிறர் பெயரில் இருந்தால், முகவரியே பிறருடையதாகி விடும். அன்றைய தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த முகவரி வாய்க்கவில்லை. வந்த கடிதத்திற்கு அவன் பிறர் கையையே எதிர்பார்த்திருந்தான். அவன் பேரன் தன் பெயரில் கடை வைத்திருக்கிறான். அப்பெயருக்கு வரும் கடிதத்தின் வழியும் அவன் அறிந்ததாகவே இருத்தல் வேண்டும்.